குச்சனூர்க் கரையில் கிடந்த ஜோடி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். செருப்பைப் பற்றி எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல் போய்விட்டதால் எழுத்துப் பிழை வேறு வரும். இரண்டு தடவை நோட்டை எடுத்தேன், இரண்டு தடவையும் மூடிவைத்தேன். இன்று காலை தேனி பஜாரில் என் முதலாளி நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு ஜவுளிக்கடைக்குள் ஓடி ஒளிந்து சிரித்தேன். இவ்வளவு சிரித்துவிட்டு எழுதாமல் இருப்பது நியாயமில்லை.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயது வரைக்கும் செருப்பே போடாமல் வரப்பிலும் வாய்க்காலிலும் ஓடின கால். முன்பக்கம் முறம் மாதிரி அகன்றிருக்கும். பெருவிரல் மட்டும், பங்காளிச் சண்டையில் தனிவீடு போனவன் மாதிரி மற்ற நாலு விரல்களை விட்டு விலகி நிற்கும். இந்தக் காலுக்கு அளவெடுத்துச் செருப்புச் செய்கிற கம்பெனி இந்தியாவில் இல்லை.

தேனியில் ஒரு மிளகாய் வற்றல் மண்டியில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால், நடக்கிற வேலை. மண்டியிலிருந்து லாரி செட், அங்கிருந்து தந்தி ஆபீஸ், அங்கிருந்து பாங்க், மறுபடி மண்டி. சில நாள் பழனிசெட்டிபட்டி வரை போய் ஒரு வியாபாரியிடம் மாதிரி வற்றலைக் காட்டிவிட்டு வர வேண்டும். மண்டியில் ஒரு சைக்கிள் இருந்தது. அது முதலாளி மகன் டியூசனுக்குப் போவதற்காக. ஒருநாள் ஒரு லாரி டிரைவரிடம் நான் நடக்கிற தூரத்தைச் சொன்னேன். "டீசல் போட்டு ஓட்டுற எனக்கே இம்புட்டு ஓட்டம் இல்லடா தம்பி" என்றார்.

மண்டிக்குள் செருப்புப் போடக்கூடாது. லட்சுமி இருக்கிற இடமாம். வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே மூட்டை அவிழ்க்கிற தரையெல்லாம் மிளகாய் விதையும் தூளும் கிடக்கும். செருப்புக் கடித்த புண்ணோடு அதில் காலை வைத்துப் பார்த்தால் தெரியும், லட்சுமி எவ்வளவு காரம் என்று.

ஆக எனக்குத் தேவை ஒன்றே ஒன்று. கடிக்காத செருப்பு, என் சம்பளத்துக்குள் அடங்குகிற செருப்பு. கேட்டால் சின்ன ஆசை மாதிரி இருக்கும். ஒரு வருசம் தேடினேன்.

முதலில் ரப்பர் செருப்பு. விலை மலிவு, கடி கம்மி. ஆனால் என் பெருவிரல் இழுக்கிற இழுவையில் வார் பிய்ந்துகொண்டு வந்துவிடும். அடியில் ஊக்குக் குத்திப் போட்டேன். ஊக்கு இரண்டு நாள் செருப்பைப் பிடித்தது, மூன்றாம் நாள் என்னைப் பிடித்தது. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரோட்டைக் கடக்கும்போது வார் அறுந்து, வலது கால் செருப்பு போடி பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டது. இடது கால் செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர், "மத்தது தந்தியில வருதா?" என்று கேட்டார்.

அப்புறம் டயர் செருப்பு. லாரி டயரை வெட்டிச் செய்தது. பத்து வருசம் தேயாது என்று சொல்லித்தான் விற்றான், உண்மைதான். அது தேயவில்லை, நான்தான் தேய்ந்தேன். கணுக்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் தோல் போய்விட்டது. மழை பெய்த மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு தோட்டத்துக்குள் மாதிரிக்கு வற்றல் எடுக்கப் போனேன். சாயங்காலம் தோட்டக்காரர், "எவன் என் தோட்டத்துக்குள்ள லாரி விட்டான்" என்று தடத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாரையும் சத்தம் போட்டார். நானும் அவரோடு சேர்ந்து கொஞ்சம் சத்தம் போட்டேன்.

மூன்றாவது பிளாஸ்டிக் ஷூ. பெரியகுளத்தில் ஒரு கடையில் வாங்கினேன்.

"சீமைச் சாமானா அண்ணாச்சி?"

"சீமையவிட ஒசத்தி தம்பி. மெட்ராசு."

"கடிக்குமா?"

"மழைக்கும் தாங்கும், வெயிலுக்கும் தாங்கும்."

அவர் சொன்னது ஷூவைப் பற்றி. கால் தாங்குமா என்று நான் கேட்காமல் விட்டது என் தப்பு. சித்திரை வெயிலில் உள்ளே இட்லி வேகிற மாதிரி கால் வெந்தது. வேர்வையில் ஒவ்வொரு அடிக்கும் தவளையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பாங்குக்குள் நான் நுழைந்தால் மானேஜர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். ஒரு அம்மா தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது.

லாரி செட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் செருப்புத் தைக்கிற அண்ணனிடமும் போனேன். செய்தித்தாளை விரித்து அதன்மேல் என் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்தார். வரைந்து முடித்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"தம்பி, இது காலா, வைகை டேம் படமா?"

"தைக்க முடியுமா அண்ணே?"

"தைக்கலாம். பதமா தைப்பேன். ஆனா ரெண்டு ஆளுக்கு ஆகுற தோலு இழுக்கும்."

அவர் சொன்ன விலை என் சம்பளத்தில் பாதி. காலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்குள் என் நடை மாறிவிட்டது. காலையில் போன தந்தி மத்தியானம் போனது. மத்தியானம் போக வேண்டிய லாரி சீட்டு சாயங்காலம் போனது. முதலாளி ஒருநாள் கல்லாவிலிருந்து கூப்பிட்டார்.

"ஏலே, ஒன்னைய நடக்கத்தேன் வச்சிருக்கேன். நொண்டுறதுக்கு இல்ல."

"செருப்புக் கடிச்சிருச்சு மொதலாளி."

"ஆடி முடியுறதுக்குள்ள காலச் சரி பண்ணு. ஆவணி பொறந்தா வேற ஆளு பாத்துக்கிருவேன்."

சொல்லும்போதே மேஜைக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பஜாருக்குப் போட்டு வருவது மதுரையில் வாங்கின பளபளப்பான கட் ஷூ. கூர் மூக்கு. அது அவரையும் கடித்தது. பெரிய மனுசனைக் கடித்தால் அது கௌரவம், என்னைக் கடித்தால் சீட்டுக் கிழியும்.

எனக்கு வேலை போகப் போகிறது என்று கேட்டுக் கவலைப்பட்ட ஒரே ஆள் என் கூட்டாளி. லாரி செட்டில் மேஜை போட்டு உட்கார்ந்து சரக்குச் சீட்டு எழுதுகிறவன். காலுக்கு வேலையே இல்லாத உத்தியோகம். ஆனாலும் அவனுக்கும் ஏழரைச் சனி நடக்கிறதென்று ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை தவறாமல் குச்சனூர்ச் சனி பகவான் கோயிலுக்குப் போவான். "நீயும் வா மாப்ள, ஒன் காலுக்கும் ஒரு வழி பொறக்கட்டும்" என்றான். முதலாளியிடம் பல் வலி என்று சொல்லி லீவு கேட்டேன். "போ போ, நானும் அன்னைக்கி மதுரைக்குப் போறேன்" என்று உடனே கொடுத்துவிட்டார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கோயிலுக்கு வருகிறவர்கள் ஆற்றில் குளித்துவிட்டு, பிடித்த சனி தொலையட்டும் என்று போட்டு வந்த பழைய செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவது உண்டு. திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அன்று கரை பூராவும் செருப்பு. அறுந்தது, தேய்ந்தது, ஒற்றையாய்க் கிடந்தது. சனி பகவானுக்கு இப்படி வாரா வாரம் குப்பை வருகிறதே, அவர் யாரிடம் போய் முறையிடுவார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அப்போதுதான் அந்த ஜோடியைப் பார்த்தேன்.

தோல் செருப்பு. காப்பிக்கொட்டை நிறம். முன்பக்கம் நல்ல அகலம். பெருவிரலுக்குத் தனியாக ஒரு வளையம். இடது வாரில் மட்டும் சிவப்பு நூலால் ஒரு தையல். நான் அதில் காலை விட்டேன்.

எப்படிச் சொல்வது? யாரோ எனக்காக இரண்டு வருசம் நடந்து பழக்கி வைத்த மாதிரி இருந்தது. பெருவிரல் தன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஈரத் தலையோடு வந்த கூட்டாளி பதறிப்போனான்.

"ஏலே, கழட்டு. ஆரோ சனிய விட்டுட்டுப் போயிருக்காக."

"சனிய விட்டாகளா, செருப்ப விட்டாகளா?"

"ரெண்டும் ஒண்ணுதேன். எடுத்தவன் கால்ல ஏறிக்கிரும்."

"எனக்கும் ஏழர நடக்குதுன்னு எங்காத்தா சொல்லுச்சு. இது ஒரு ஏழர. கூட்டுனா பதினஞ்சு. பதினஞ்சுக்கு எந்தப் பஞ்சாங்கத்துலயும் கணக்கு இல்ல மாப்ள. ரெண்டும் கொழம்பிப் போயி ஓடிரும்."

"ஒனக்கு வாயில சனி."

"வாயில இருக்குல்ல, அப்பக் கால்ல ஏறாது."

பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. வேறு சீட்டில் உட்கார்ந்து, அவ்வப்போது திரும்பி என் காலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை காலையில் மண்டி வாசலில் அந்தச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். கட் ஷூவில் ஒன்றைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஆருது?"

"என்னுதுதேன் மொதலாளி."

"எங்கன வாங்குன?"

"பெரியகுளத்துல. தெரிஞ்ச கட."

"பல்லு வலின்னுல்ல லீவு கேட்ட?"

"பல்லுக்குத்தேன் போனேன். வழியில கட இருந்துச்சு. மொதலாளி மதுரைக்குப் போயிட்டு எப்ப வந்தீக?"

அவர் ஒற்றைக் காலில் ஷூவோடு லட்சுமி இருக்கிற இடத்துக்குள் நாலு எட்டு வந்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து திரும்பிப் போய்க் கழற்றினார்.

அன்றைக்கு மத்தியானம் டெலிபோன் செத்துப்போனது. அது வாரத்தில் மூன்று நாள் சாகிற டெலிபோன். ஆனால் முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு டெலிபோனைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். மறுநாள் சரக்கு ஏற்றின லாரி ஆண்டிபட்டிக் கணவாயில் பஞ்சர். அப்போதும் வாசலைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுச் செருப்பைப் பக்கத்துச் சந்தில் போடச் சொன்னார். போட்டேன். சந்து ஈசானிய மூலை என்று ஞாபகம் வந்து, பின்பக்கம் போடச் சொன்னார். போட்டேன். பின்பக்கம்தான் சரக்கு இருக்கிறது என்று திரும்ப வாசலுக்கே வந்தது. எங்கள் கணக்கப்பிள்ளை ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சனி பகவானுக்கும் அவருக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது. அவரும் முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டு, தன் செருப்பை என் செருப்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட ஆரம்பித்தார்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு நடை இப்போதுதான் பறந்தது. ஆனால் முதலாளி என்னை எங்கேயும் அனுப்பவில்லை. தந்தியைக் கணக்கப்பிள்ளை கொண்டுபோனார். லாரி சீட்டை மூட்டை தூக்குகிறவர் கொண்டுபோனார். "நீ உக்காரு" என்று ஒரு சாக்கைக் காட்டினார். நடக்க முடியாதபோது நடக்கச் சொன்னவர், நடக்க முடிந்ததும் உட்காரச் சொல்கிறாரே, இது ஆவணிக்கு அச்சாரம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன்.

"எனக்கு வேல இருக்கா இல்லையா மொதலாளி?"

அவர் கணக்கப்பிள்ளை காதுக்கு எட்டாதபடி மெதுவாகப் பேசினார்.

"வேல இருக்கு. அந்தச் செருப்பு வேணாம். ஒனக்கு அளவெடுத்துப் புதுசு தைச்சுத் தர்றேன். லாரி செட்டுக்கு எதுத்தாப்புல தைக்கிறான்ல, அவங்கிட்டப் போயி எஞ்செலவுன்னு சொல்லு."

எனக்குக் காது அடைத்தது. தீபாவளிக்கு ஒரு துண்டு தருவதற்கு யோசிக்கிற ஆள்.

"பழச என்ன செய்ய மொதலாளி?"

"எங்கன எடுத்தியோ அங்கனயே கொண்டுபோயி விட்டுரு. ஆத்தங்கரையில."

நான் பெரியகுளத்துக் கடை என்றுதான் சொல்லியிருந்தேன். ஆற்றங்கரை என்று என் வாயில் வரவே இல்லை.

புளியமரத்தடிக்குப் போய், இதே மாதிரி வேண்டும் என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அண்ணன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு நூலைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார்.

"இது ஒங்க மொதலாளிக்கு நான் தைச்சதுல்ல தம்பி? தோட்டத்துக்குப் போட்டுப் போகன்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தைக்கச் சொன்னாக. அவுகளுக்கும் ஒன்னைய மாதிரி அகலக் காலு. கறுப்பு நூலு தீந்து போயி இந்த நூலப் போட்டேன். அதுக்கு ஒரு ரூவா கொறச்சாக. ஒனக்கே குடுத்துட்டாகளா?"

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மண்டிக்குள் இந்த அண்ணனை ஒருநாளும் விட்டதில்லை. வாசலுக்கு வெளியே நின்றுதான் அளவெடுப்பார், அங்கேயே நின்றுதான் காசு வாங்குவார். ஆனால் முதலாளி காலை அவரைவிட நன்றாக அறிந்த ஆள் தேனியில் கிடையாது.

எல்லாம் விளங்கிவிட்டது. முதலாளிக்கும் ஏழரை. யாரோ ஒரு சோசியக்காரன் சொல்லியிருக்கிறான், காலில் கிடக்கிறதைக் குச்சனூரில் விட்டுவிட்டு வா என்று. முதலாளி காலில் கிடந்தது கட் ஷூ. விலை ஜாஸ்தி. அதனால் சனியை ஏமாற்ற, தோட்டத்துப் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கடிக்கிறதை வைத்துக்கொண்டு, கடிக்காததைத் தொலைத்திருக்கிறார். மதுரைக்குப் போனேன் என்று பொய்யும் சொல்லியாயிற்று. ஏழரை நடக்கிற மண்டி என்று தெரிந்தால் சரக்குக் கொண்டுவருகிறவன் அடுத்த மண்டி வாசலில் வண்டியை நிறுத்துவான். தன் செருப்பென்று சொல்லவும் முடியாது, சொன்னால் விட்ட சனி திரும்பி வரும். சொல்லாமல் இருக்கவும் முடியாது, அது தினம் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வருகிறது.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதே. சனிக்கிழமை கிளம்பும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மொதலாளி, செருப்ப விட்டுட்டு வரும்போது, அந்தச் செருப்புக்கு உடையவுகளுக்காக ஒரு தீபம் போட்டுட்டு வரட்டா? பாவம், என்ன கஷ்டமோ."

முதலாளி கணக்குப் புத்தகத்தில் என்னவோ தேடினார். தேடிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டாப் போடு. எள்ளெண்ணெய்ல."

கூட்டாளியும் வந்தான். புதுச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, பழசைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். தீபம் இரண்டும் போட்டேன். கூட்டாளி, "கால் கழுவிட்டு வந்துர்றேன், நீ பஸ்ஸுல எடம் பிடி" என்று பின்தங்கினான். வரும்போது மஞ்சப்பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். என்ன என்று கேட்டேன். எள்ளுச்சோறு என்றான். இந்தத் தடவை என் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

புதுச் செருப்பு அதே அளவு, அதே தோல், அதே வளையம். போட்ட மூன்றாம் நாளே கடித்தது. அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"புதுத் தோலு அப்படித்தேன் தம்பி. ஒங்க மொதலாளியும் மொத ஆறு மாசம் என்னைய வைஞ்சுக்கிட்டேதேன் நடந்தாக."

அந்தச் சுகம் தோலில் இல்லை, முதலாளி நடந்த நடையில்தான் இருந்திருக்கிறது. எனக்காக நடந்து பழக்கினதற்கு நியாயமாக நான்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

ஆவணி பிறந்துவிட்டது. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்? கடிக்கிற செருப்பை வாங்கிக் கொடுத்ததே அவர். காலையில் அவர் கட் ஷூவோடு நொண்டிக்கொண்டு வருகிறார், நான் புதுச் செருப்போடு நொண்டிக்கொண்டு வருகிறேன். வாசலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் மிளகாய்த் தூளில் காலை வைத்து, இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறோம்.

இன்று சாயங்காலம் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பொறுக்க முடியவில்லை. எழுந்து லாரி செட்டுக்குப் போனேன். கூட்டாளி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். ஊக்குக் குத்தின அவனுடைய ரப்பர் செருப்பு குப்பைக் கூடைக்குள் கிடந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

"மாப்ள, நாளைக்கிச் சனிக்கெழம. நான் குச்சனூர் போறேன். அந்தச் செருப்பு அங்கன கெடந்தா எடுத்துட்டு வந்துருவேன். வேல போனாலும் சரி, பதினஞ்சு முப்பதானாலும் சரி."

அவன் எழுதுவதை நிறுத்தாமல், மேஜைக்கு அடியில் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னான்:

"பஸ்ஸுக்குக் காசக் கரியாக்காத மாப்ள, ஒனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்த சனி எனக்கு ஒரு வேட்டியாச்சும் வாங்கித் தராதான்னு நாந்தேன் அத எடுத்துட்டு வந்து மாட்டிக்கிட்டேன்."